‘இது யாரோட பார்ட்டி?’ மனை, வீடு விற்பனைத் தொழிலில் மரியாதைக் குறைவான பேச்சைச் சமாளிக்க

ஒரு மனை கைமாறுவதற்குள் எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் போனில் பேசும் டெலிகாலர். ஞாயிற்றுக்கிழமை வேனில் சைட்டுக்கு அழைத்துப்போகும் மார்க்கெட்டிங் ஆள். நில உரிமையாளரைத் தெரிந்து வைத்திருக்கும் உள்ளூர் மீடியேட்டர், வாங்குபவர் பக்கம் வரும் இன்னொரு மீடியேட்டர். வங்கிக் கடன் பேசுபவர், ஆவண எழுத்தர். இவர்களுக்கு மேலே புரொமோட்டர் அலுவலகத்தின் மேனேஜர். இவர்களில் பல பேருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பத்திரம் பதிவானால்தான் காசு. அந்த ஒரு கமிஷனுக்கு மூன்று பேர், நான்கு பேர் கை நீட்டுகிறார்கள்.

இந்தத் தொழிலில் வார்த்தை சீக்கிரம் தடிப்பதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் நாள்காட்டி. ஆடி மாதம் முழுக்கக் கஸ்டமர் போனை எடுப்பதில்லை. ஆவணி பிறந்ததும் எல்லோரும் ஒரே முகூர்த்த நாளில் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். அந்த நாட்களுக்குப் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் அலுவலக வாசலில் கூட்டம் குறைவதில்லை. ராகு காலத்துக்குள் முடியுமா, முடியாதா என்ற பதற்றத்தில் நிற்பவர் வாயிலிருந்து நல்ல தமிழை எதிர்பார்க்க முடியாதுதான்.

ஆனாலும், தினமும் திட்டு வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. கோபத்தை அடக்க மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் வீடியோக்கள் உங்கள் போனிலேயே நிறைய இருக்கும். அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. நாம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: எதிரில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும், உங்கள் வேலையில் ஒரு படிகூட விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? மற்ற அலுவலகங்களில் சீனியர் கத்தினால் ஜூனியருக்கு மனக்கஷ்டம், அதோடு போயிற்று. இங்கே சீனியர் கத்தியதால் ஜூனியர் வாயை மூடிக்கொண்டால், ஒரு குடும்பம் பத்து வருடம் சேர்த்த பணம் வில்லங்க நிலத்தில் போய் விழுந்துவிடலாம்.

பெரும்பாலான சண்டை ஒரே கேள்வியில் ஆரம்பிக்கிறது

“இது யாரோட பார்ட்டி?”

தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் மூன்று வாரம் பின்தொடர்ந்து பேசி அழைத்து வந்த கஸ்டமரை, சைட்டில் நிற்கும் இன்னொருவர், “அட, இவரை எனக்கு முன்னாடியே தெரியுமே” என்று கை குலுக்கி அப்படியே தன் பக்கம் நகர்த்திக்கொள்வார். கேட்டால், “நீ யாருடா என்னைக் கேக்க?” என்பார். இதற்குப் பதில் அந்த இடத்தில் கிடையாது. பதில் அதற்கு முந்தைய நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சைட்டுக்குக் கஸ்டமரை அழைத்துப்போவதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். நீளமாக வேண்டாம், இப்படி இருந்தால் போதும்: “வணக்கம் அண்ணே. நாளைக்குக் காலைல 11 மணிக்கு என் கஸ்டமர் ஒருத்தரை நம்ம சைட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். மனை 14, 15 காட்டலாம்னு இருக்கேன். முடிஞ்சா கமிஷன் நேத்து பேசினபடி பாதிப் பாதி. சரின்னா ஒரு ஓகே போட்டுடுங்க.” அவர் ‘ஓகே’ என்று ஒரு வார்த்தை போட்டாலே தேதியும் நேரமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். கஸ்டமரின் முழுப் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கக் கூடாது. பெயரின் முதல் எழுத்தும் நம்பரின் கடைசி நான்கு இலக்கமும் அடையாளத்துக்குப் போதும். கஸ்டமரின் தகவலைக் குரூப்பில் கொட்டினால் மறுநாள் அவருக்கு இருபது பேர் போன் செய்வார்கள்.

“அண்ணன் தம்பியா பழகுறோம், எழுதி வாங்கினா நல்லாவா இருக்கும்?” என்று சிலர் கேட்பார்கள். நல்லாத்தான் இருக்கும். அண்ணன் தம்பிகளே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளும் ஊர் இது.

எழுதிவைத்த பிறகும் தகராறு வந்தால், அந்தச் செய்தியைச் சைட்டில் எல்லோர் முன்னாலும் நீட்ட வேண்டாம். கஸ்டமர் போகட்டும். அப்புறம் மேனேஜரிடமோ புரொமோட்டரிடமோ காட்டி, “சார், இதுதான் பேசினது. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். எதிர் ஆள் எப்படிப்பட்டவர் என்ற விமர்சனத்தை அதில் சேர்த்தால், பேச்சு கமிஷனை விட்டுக் குணத்துக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பி வராது.

கஸ்டமர் முன்னால் மட்டம் தட்டினால்

“இவன் சொல்றதை நம்பாதீங்க சார், நேத்து வந்த பையன்.” சைட்டில் கஸ்டமரையும் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு சீனியர் இப்படிச் சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். உடனே பதில் சொல்ல நாக்கு துடிக்கும். அந்த நிமிடத்தில் கஸ்டமர் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்று அவர் பார்ப்பதில்லை. ‘இவங்களுக்குள்ளேயே ஒத்துப்போகல, இவங்களை நம்பி எப்படிப் பணம் கொடுக்கிறது’ என்றுதான் நினைப்பார்.

எனவே பேச்சை விஷயத்துக்குக் கொண்டு வாருங்கள். “சரிங்க அண்ணே. சார், நான் சொன்ன ரோட்டு அகலம் அப்ரூவல் வரைபடத்துல இருக்கு. இந்தா பாருங்க, 30 அடி.” சீனியருக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவர் போன பிறகு, “அவர் அப்படித்தான் சார், கண்டுக்காதீங்க” என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும் வேண்டாம். அது கஸ்டமர் மூலமாகவே சுற்றிக்கொண்டு அவர் காதுக்குப் போகும்.

அன்று மாலையே தனியாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் மனதில் வைத்திருந்து ஒரு நாள் வெடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். “அண்ணே, பார்ட்டி முன்னாடி அப்படிப் பேசினது எனக்குச் சரியாப் படல. நான் தப்பாச் சொல்லியிருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.” இவ்வளவுதான். இதை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். நேரில் சொல்லும்போது இருக்கும் பணிவு வாய்ஸ் மெசேஜில் கேட்காது. பத்துப் பேருக்கு ஃபார்வர்டு ஆன பிறகு சுத்தமாகக் கேட்காது.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் ‘நீ’, ‘வாடா’, ‘போடா’ என்று இறங்கினாலும் நீங்கள் ‘நீங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பதை விடாமல் இருந்தால், சுற்றி நிற்கும் யாருக்கும் யார் எல்லையைத் தாண்டினார் என்பது தனியாகச் சொல்லாமலே புரிந்துவிடும். இதைக் கிண்டலாகச் செய்யக் கூடாது. ‘சொல்லுங்க துரை’ என்று இழுத்தால் அதுவும் சண்டைக்கு அழைப்புத்தான். ஆனால் எல்லா ‘டா’வும் அவமதிப்பு இல்லை. கோயம்புத்தூரில் ஒரே வார்த்தை பாசமாக இருக்கும், இன்னொரு ஊரில் குத்தும். ஆளையும் ஊரையும் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்துகிறவர் சொல்லும் விஷயம் சில சமயம் சரியாகவே இருக்கும். “சர்வே நம்பரை ஒழுங்கா அடிக்கத் தெரியாதா, முட்டாள்!” என்று ஒருவர் கத்தினால், அதில் இரண்டு பகுதி இருக்கிறது. ‘முட்டாள்’ என்பதை மாலையில் தனியாகப் பேசிக்கொள்ளலாம். சர்வே நம்பரை இப்போதே பார்க்க வேண்டும். உட்பிரிவு எண் ஒன்று மாறிப் பத்திரம் பதிவாகிவிட்டால், அப்புறம் பிழைத்திருத்தல் பத்திரம் போட விற்றவர், வாங்கியவர் எல்லோரையும் மறுபடி பதிவாளர் அலுவலகத்துக்கு இழுக்க வேண்டும். விற்றவர் வெளிநாடு போயிருந்தால் அந்த அலைச்சலைச் சொல்லவே வேண்டாம். கத்தினார் என்பதற்காக அவர் சொன்ன தகவலைத் தூக்கிப்போடுவது நமக்குத்தான் நஷ்டம்.

“என் மேலயே சந்தேகமா?”

இதுதான் இந்தக் கட்டுரையில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்.

மாலை ஐந்து மணி. கஸ்டமர் மனையைப் பார்த்துப் பிடித்துப்போய் நிற்கிறார். சீனியர் இன்றே டோக்கன் வாங்கிவிட வேண்டும் என்கிறார். நீங்கள், “ஈசி ஒரு தடவை பார்த்துட்டு வாங்கலாம் அண்ணே” என்கிறீர்கள். அவர் முகம் மாறுகிறது. “நான் இருபது வருஷமாத் தொழில்ல இருக்கேன். நீ எனக்கு ஈசி சொல்லித் தர்றியா? என் மேலயே சந்தேகமா?”

இங்கே கோபம் ஒரு கருவி. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்ல முடியாது. பல பேருக்கு அது பழக்கம். ஆனால் அதனால் நடப்பது ஒன்றுதான்: கேள்வி கேட்டவர் கூனிக்குறுகிப் போவார், கேள்வி காணாமல் போகும். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளிடம் இது நன்றாகவே வேலை செய்யும்.

இதில் வாதாட வேண்டிய அவசியமே இல்லை. சரிபார்க்க அவருடைய அனுமதி தேவையில்லை. கையில் போன் இருக்கிறது.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கொடுத்தால் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் திரையில் பார்க்கலாம். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். பார்க்கும்போது கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அடமானப் பதிவு இருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவும் பின்னால் இருக்கிறதா என்று தேடுங்கள். பவர் பத்திரம் போட்டிருந்தால், ரத்துப் பத்திரம் ஏதாவது அதற்குப் பிறகு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே யாருடனாவது விற்பனை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா? அளவும் நான்கு எல்லையும் மூலப்பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா?

ஈசி எல்லாவற்றையும் காட்டாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். கையால் எழுதி வாங்கிய ஒப்பந்தம், பதிவாகாத உயில், வாரிசுகளுக்குள் நடக்கும் வழக்கு இவையெல்லாம் அதில் இல்லாமல் போகலாம். வழக்குக்கு இ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறது. விற்பவரின் பெயரை வைத்து அந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் தேடிப் பார்க்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினால் விடுபட்டுப் போகும் என்பதால், இரண்டு மூன்று விதமாகப் போட்டுத் தேடுவது நல்லது.

அடுத்து, வருவாய்த்துறையின் இ-சேவைத் தளம். அங்கே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, நில அளவை வரைபடம் எல்லாம் கிடைக்கும். பட்டாவில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றவர்கள் கையெழுத்துப் போட வருகிறார்களா? நிலத்தின் வகைப்பாட்டில் புறம்போக்கு என்று எங்காவது வருகிறதா? லேஅவுட்டோ அடுக்குமாடியோ என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தின் தளத்தில் திட்டம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

சிக்னல் கிடைத்தால் இத்தனையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நடந்துவிடும். சீனியருக்குச் சொல்லும் வார்த்தைதான் கவனமாக இருக்க வேண்டும். “உங்க மேல சந்தேகம் இல்ல அண்ணே. பார்ட்டி லோன் போடப்போறாரு. பேங்க் வக்கீல் எப்படியும் 30 வருஷத்துக்கு ஈசி கேப்பாரு. இப்பவே எடுத்து வெச்சுட்டா உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.” இதில் பொய் ஒன்றும் இல்லை, அவர் கௌரவமும் குறையவில்லை, வேலையும் நிற்கவில்லை.

சரி, தேடியதில் ஒரு அடமானம் தீராமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கஸ்டமர் முன்னால் அதைப் போட்டு உடைக்காமல், முதலில் மேனேஜருக்கு அந்தப் பக்கத்தின் படத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். “இந்த சர்வே எண்ணில் இந்த அடமானப் பதிவுக்கு ரசீது தெரியவில்லை. டோக்கன் வாங்குவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுச் சொல்லவும்.” பெரும்பாலும் உண்மையான விளக்கம் ஒன்று வரும். கடன் கட்டி முடித்திருப்பார்கள், ரசீதைப் பதிவு செய்ய மறந்திருப்பார்கள். அப்படியானால் முதலில் அதை முடிக்கட்டும்.

“அதெல்லாம் பார்ட்டிகிட்டச் சொல்லாத” என்று பதில் வந்தால், அங்கே நின்றுவிட வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான், அதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் பதிவான திட்டங்களில் விற்பனைக்கு உதவும் ஏஜென்ட் தவறான தகவல் சொல்லி விற்கக் கூடாது, புக்கிங் நேரத்தில் வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்க உதவ வேண்டும் என்று சட்டம் நேரடியாகச் சொல்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் வரலாம், மொத்தமாக அந்தச் சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். ஏஜென்ட் பதிவும் ரத்தாகலாம். “அண்ணன் சொன்னாரு, செஞ்சேன்” என்பது விசாரணையில் செல்லுபடியாகாது. கத்திய அண்ணன் அன்று போனை எடுக்கவும் மாட்டார்.

டோக்கன் பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசையாச் சொத்துக்கான முன்பணம் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். பதிவான திட்டங்களில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. யாராவது “கைல வாங்கி என்கிட்டக் குடு, நான் பாத்துக்கறேன்” என்று அதட்டினால், “உரிமையாளர் அக்கவுண்டுக்கே போட்டுடச் சொல்லட்டுமா அண்ணே?” என்று கேளுங்கள். பணம் உங்கள் கைக்கு வராத வரை அதைப் பற்றிய சண்டையும் உங்களிடம் வராது.

வாட்ஸ்அப் குரூப்பில் திட்டினால்

மாதக் கடைசி, டார்கெட் முடியவில்லை. இரவு பத்தரைக்கு ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் பெயர் சொல்லித் திட்டுகிறார். நாற்பது பேர் படிக்கிறார்கள், நான்கு பேர் கட்டைவிரல் போடுகிறார்கள். அந்த நான்கு கட்டைவிரல்தான் திட்டை விட அதிகம் வலிக்கும்.

குரூப்பில் ஒரே ஒரு வரி போதும்: “பார்த்தேன் சார். காலையில் நேரில் விவரம் சொல்கிறேன்.” அதற்கு மேல் எதையும் இரவில் தட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அனுப்பியவர் பிறகு அழித்துவிடலாம். ஆனால் அதை நண்பர்களுக்கு அனுப்புவதோ, ஸ்டேட்டஸில் சினிமா வசனம் போட்டு மறைமுகமாகக் குத்துவதோ வேண்டாம். ஸ்டேட்டஸ் சண்டையில் ஜெயித்தவர் என்று யாரும் இதுவரை கிடையாது. காலையில் நேரில் போகும்போது எண்களோடு போங்கள்: எத்தனை பேருக்குப் போன் செய்தீர்கள், எத்தனை சைட் விசிட், யார் எதனால் பின்வாங்கினார். “கூட்டிட்டு வந்த ஏழு பேர்ல அஞ்சு பேர் தண்ணி வசதியைக் கேட்டாங்க சார்” என்று சொன்னால் மேனேஜருக்கும் மேலே போய்ச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கும். அவரும் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

சமாளிக்கக் கூடாத பேச்சு

இதுவரை சொன்னதெல்லாம் முரட்டுப் பேச்சுக்கு. சில பேச்சு அந்தக் கணக்கில் சேராது. அதைப் பணிவோடு பொறுத்துப்போவது தொழில் முறை ஆகாது.

டெலிகாலர்களாகவும் சைட்டில் வரவேற்பவர்களாகவும் இளம் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆபாசப் பேச்சு, இரட்டை அர்த்தச் செய்தி, தொடுதல், “தனியா சைட் பார்க்க வா” என்ற வற்புறுத்தல் இவையெல்லாம் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் கீழ் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள சின்ன அலுவலகம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. “நீ கமிஷன் ஆளு, எங்க ஸ்டாஃபே இல்ல” என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். தற்காலிகமாக, தினக்கூலியாக, ஏஜென்ட் மூலமாக வேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துத்தான் சொல்கிறது. வேலை நிமித்தமாகப் போகும் இடமும், அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். ஊருக்கு வெளியே இருக்கும் லேஅவுட்டும் ஞாயிற்றுக்கிழமை வேனும் அதில் அடங்கும்.

சாதியைச் சொல்லி இழிவாகப் பேசுவது, அடிப்பேன் என்று மிரட்டுவது, பூட்டிவைப்பது இவையெல்லாம் காவல்துறைக்குப் போக வேண்டியவை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிரான வன்கொடுமைகளுக்கு 1989ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் போனில் இறக்கி வைத்திருப்பது, தனியாக சைட்டுக்குப் போகும் யாருக்கும் நல்லது. படத்தை மாற்றி இணையத்தில் போடுவேன் என்பது போன்ற மிரட்டல் என்றால், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யலாம்.

இந்த மாதிரி நேரத்தில் எடுத்து வைத்த செய்திகளும் தேதிகளும்தான் கைகொடுக்கும். ‘அடிக்கடி இப்படிப் பேசுவார்’ என்று சொல்வதை விட, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த சைட்டில், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஐந்து வரி எழுதிக் கொடுத்தால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்கும்.

வாங்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிப்பவர்களில் பலர் தொழிலில் இல்லாதவர்களாக இருக்கலாம். மனை பார்க்கப் போன இடத்தில் இரண்டு மீடியேட்டர்கள் உங்களை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்றால், நடுவராக வேண்டாம். உங்களை முதலில் அழைத்து வந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். கமிஷன் எவ்வளவு, யார் யாருக்கு என்பதை டோக்கனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவான திட்டம் என்றால் ஏஜென்டிடம் அவருடைய பதிவு எண்ணைக் கேட்கலாம். ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டியது அவர் கடமை, கேட்டதற்கு அவர் கோபப்பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

“இப்பவே முடிக்கலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்று குரலை உயர்த்துகிறவரிடம், “நாளைக்குச் சொல்றோம்ங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். சர்வே எண், கிராமத்தின் பெயர், சார்பதிவாளர் அலுவலகம் எது என்ற மூன்றையும் கிளம்பும் முன் கேட்டு எழுதிக்கொண்டால், மீதியை இரவு சாப்பிட்ட பிறகு போனிலேயே பார்த்துவிடலாம்.